கோழிக்குக் கோதுமை ஆகாது

ஜனவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை. அவருடைய கோழிகள் அவரைவிட நன்றாக நடக்கின்றன. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன்.

விசாரித்தாயிற்று. இனி சண்டை. போனில் என் குரல் கொஞ்சம் ஏறினாலே "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட முடியாது. எங்கள் பண்ணை வண்டி இலை மாதிரிகளோடு எப்படியும் உங்கள் ஆய்வகத்துக்கு வந்துபோகிறது. டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன், பதிலையும் அவரிடமே கொடு.

நீ கையெழுத்துப் போட்ட பட்டியல் வந்தது. துரு நோயைத் தாங்கும் மரபணுக்கள் சிங்காரியில் மூன்று இருக்கின்றனவாம், முரடனில் ஒன்றுகூட இல்லையாம். ஏன்டா, உன் இயந்திரத்துக்குக் கண் இருக்கிறதா இல்லையா? முரடன் நான் பதினொரு வருஷமாக வளர்த்த கோதுமை. பூப்பூவாகக் கிடுக்கி பிடித்து, மகரந்தம் மாற்றி, வருஷா வருஷம் தேறாததையெல்லாம் கழித்துக் கட்டி, மிஞ்சியது அவன் ஒருவன். எந்தக் காற்றுக்கும் சாயாத தண்டு என்பதால்தான் அந்தப் பெயரே வைத்தேன். மூன்று வருஷத்துக்கு முன் துரு வந்தபோது சுற்றியிருந்த பாத்திகள் எல்லாம் மஞ்சள் பொடி கொட்டியதுபோல் ஆயின. அவன் மட்டும் பச்சையாக நின்றான். நீயே வந்து பார்த்தாய், கால்சட்டையெல்லாம் மஞ்சளாகித் திரும்பினாய்.

சிங்காரி அப்போது பிறக்கவே இல்லை. அது உங்கள் இயக்குநரின், அதாவது நான் இஸ்திரி என்று கூப்பிடுகிறவரின், செல்லப்பிள்ளை. கதிரெல்லாம் ஒரே உயரம், ஒரே நிறம், அவருடைய சட்டையைப் போல ஒரு சுருக்கம் கிடையாது. அழகில் நான் குறை சொல்ல மாட்டேன்.

இந்த லட்சணத்தில், இலைத் துண்டுகளைக் குழிக்கு ஒன்றாகப் போட்டு நான் அனுப்பிய தட்டின் முதல் குழியில் ஒன்றுமே கிடைக்கவில்லை, 'மாதிரி கெட்டுவிட்டது' என்று அடிக்குறிப்பு வேறு போட்டிருக்கிறாய். என் இலை எப்படிக் கெடும்? பறித்த கையோடு ஐஸ் பெட்டியில் வைத்தவள் நான். பதில் சொல்.

கோபம் குறையாத
அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். சாப்பாடு ஆய்வகத்துக்குக் கீழே இருக்கும் கேன்டீனில்தான், பாதகமில்லை. அப்பாவுக்கு முழங்காலில் மாட்டிக்கொள்ளும் பட்டை ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறேன். இறுக்கமாக இருந்தால் சொல், மாற்றித் தருவார்கள்.

கோபப்படாதே. இலையை அரைத்து, அதிலிருந்து டி.என்.ஏ.வை எடுத்து, எந்த மரபணு இருக்கிறது, எது இல்லை என்று பார்ப்பது மட்டும்தான் இயந்திரத்தின் வேலை. அதற்குச் செல்லப்பிள்ளை யாரும் கிடையாது. நோய் எப்போது வரும் என்று வருஷக்கணக்கில் காத்திருக்காமல் முன்கூட்டியே நல்ல ரகத்தைப் பொறுக்கிவிடலாம் என்று இந்தச் சோதனைக்காகக் கூட்டத்துக்குக் கூட்டம் வாதாடியவளே நீதான். மூன்று வருஷத்துக்கு முன் முரடன் மேல் நோய் விழாமல் தப்பியிருக்கலாம் என்று இயக்குநர் நினைக்கிறார். அப்படி நடப்பதும் உண்டு.

ஆனால் முதல் குழியைப் பற்றி நீ எழுதியது எனக்கும் உறுத்துகிறது. உன் இலை கெட்டு வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இயந்திரம் தந்த முழு விவரத்தையும் எடுத்து நாளை பார்க்கிறேன். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
தம்பி


ஏப்ரல் 26

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். உன் முழங்கால் பட்டையை அப்பா கையில் மாட்டிக்கொண்டு கோழிக்கூண்டைக் கழுவுகிறார். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன், போன மாதம் கூட்டத்தில் பார்த்துக்கொண்டேன்.

நாளை பார்க்கிறேன் என்று எழுதினாய். உன் ஊரில் அந்த நாளை இன்னும் விடியவில்லையா?

அவ்வளவு பெரிய மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தாய். நான் முரடனுக்காகத் தொண்டை வறளப் பேசுகிறேன், நீ தண்ணீர் பாட்டிலின் லேபிளைப் படித்துக்கொண்டிருக்கிறாய். அதில் அப்படி என்னடா எழுதியிருந்தது? இன்னும் ஒரு வருஷம், ஒரே ஒரு பாத்தி கொடுங்கள் என்றுதான் கேட்டேன். இந்த வருஷம் துரு எட்டிக்கூடப் பார்க்கவில்லை, வயலைக் காட்டி வாதாட எனக்கு வழியில்லை. அது தெரிந்துதான் இஸ்திரி சிரித்தார்.

"உங்களுக்கு அந்தக் கோதுமை மேல பாசம். பாசத்துக்கெல்லாம் நிலம் ஒதுக்க முடியாதும்மா."

எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை, அதையும் பார்த்தேன். ஆனால் வாயையும் திறக்கவில்லை.

அறுவடை முடிந்தது. தேறாத ரகத்தின் விதைக்குக் குளிர் அறையில் இடமில்லை, தீவனத்துக்குத் தள்ளிவிடு என்று உத்தரவு வந்தது. தள்ளினேன். அப்பா ஒரு டிரம் நிறைய வாங்கி வந்து கோழிகளுக்குப் போடுகிறார். என் பதினொரு வருஷத்தைக் கோழி கொத்துவதைத் தினமும் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நான் வேலைக்குக் கிளம்புகிறேன்.

அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். டிரைவர் கீழே காத்திருக்கிறார், அவசரமாக எழுதுகிறேன்.

கோழிகளுக்குக் கோதுமை போட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல். அது அவற்றுக்கு ஆகாது. செரிக்காமல் தொண்டைப் பை உப்பிவிடும் என்று இங்கே ஒருவர் சொன்னார். சோளம்தான் நல்லது. டிரம்மை மூடி, ஈரம் படாத இடத்தில் வைக்கச் சொல். மறக்காமல் சொல்.

என் வேலை ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. புதுப்பிப்பார்கள் என்று நினைக்கிறேன். இயக்குநர் இப்போதெல்லாம் என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறார்.

கோழி விஷயத்தை மறந்துவிடாதே.

தம்பி


ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே மூவகையும் சுகம்: நான், அப்பா, கோழிகள். தொண்டைப் பை எதுவும் உப்பவில்லை. உன் கடிதத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "இவன் எப்பலேருந்து கோழி டாக்டர் ஆனான்?" என்று கேட்டார். கோதுமை தின்ன ஆரம்பித்ததிலிருந்து முட்டை பெரிதாக இருக்கிறதாம், நிறுத்த மாட்டாராம்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் பதிலே இல்லை. கோழி என்றதும் வந்த வண்டியிலேயே பதில் வருகிறது! உடன்பிறந்தவள் நடுச்சபையில் தலைகுனிந்து நின்றால் உனக்கு ஒன்றுமில்லை, கோழிக்கு அஜீரணம் என்றால் துடித்துப்போகிறாய்.

சிங்காரியின் அறிவிப்பு வந்துவிட்டது. பளபளவென்று பெரிய காகிதம், இஸ்திரி கதிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம். துருவே அண்டாத ரகம், அடுத்த விதைப்புக்கு விவசாயிகள் கையில் விதை என்று அச்சடித்திருக்கிறார்கள். மூன்று மரபணுவும் இருக்கும்போது மருந்து எதற்கு என்று கேள்வி வேறு. நம்பி விதைக்கப் போகிறவர்கள் பாவம், அவர்களாவது நன்றாக இருக்கட்டும்.

உன் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டதாக டிரைவர் சொன்னார். நீ சொல்லவில்லை. வாழ்த்துகள்.

அக்கா


ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் எல்லோருடைய நலமும் அறிந்து மகிழ்ச்சி. எனக்குக் கொஞ்சம் தூக்கம் சரியில்லை, வேறு ஒன்றுமில்லை.

டிரைவரிடம் இரண்டு மூட்டை சோளம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அப்பாவிடம் இனாமாக வந்தது என்று சொல். இனாம் என்றால் போடுவார்.

தம்பி


ஆகஸ்ட் 25

தம்பி,

எல்லோரும் நலம். நீ சொன்னபடியே ஆயிற்று: இனாம் சோளம் என்றதும் அப்பா கோதுமை டிரம்மை மூடிப் பரணுக்கு ஏற்றிவிட்டார்.

இந்தக் கடிதத்தில் திட்டு இல்லை. பொறுமையாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

கண்ணாடிக் குடிலில் வளரும் நாற்றுகளுக்காக நேற்று ஒரு மாதிரித் தட்டை நிரப்பிக்கொண்டிருந்தேன். எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு குழி, குழிக்கு ஒரு துண்டு இலை. கடைசிக் குழியை எப்போதும்போல் வெறுமையாக விட்டேன். ஏன் விடுகிறோம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெறுங்குழியில் ஏதாவது தெரிந்தால், எங்கோ ஒன்றோடொன்று கலந்துவிட்டது என்று கண்டுபிடிக்கத்தான். அந்தக் குழியைப் பார்த்தபடியே கையில் இலையோடு நின்றுவிட்டேன்.

எங்கள் பண்ணைத் தட்டு பழைய மாடல், நாலு மூலையும் ஒரே மாதிரி. முதல் குழி எது என்று தெரிய நான் சிவப்பு மையால் ஒரு பொட்டு வைப்பேன். அதை யாராவது ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருந்தால்? முட்டை அட்டையைத் தலைமாற்றி வைப்பதுபோல் தட்டைத் தலைமாற்றி வைத்திருந்தால்? என் கடைசிக் குழி உங்களுக்கு முதல் குழி ஆகும். முதல் குழியில் ஒன்றுமே வராது. 'மாதிரி கெட்டுவிட்டது' என்று அடிக்குறிப்பு போடுவீர்கள்.

முரடனை நான் வைத்தது மூன்றாவது குழியில். சிங்காரி கடைசியிலிருந்து மூன்றாவது. தட்டு திரும்பினால் அவை இரண்டும் இடம் மாறும். மிச்சத்தை நீயே போட்டுப் பார்.

ஒரே ஒரு கேள்வி. நான் வெறுமையாக விட்ட அந்தக் கடைசிக் குழியில் இயந்திரம் என்ன கண்டது?

அக்கா


செப்டம்பர் 14

தம்பி,

வண்டி இரண்டு தடவை போய்த் திரும்பிவிட்டது. உன் கடிதம் இல்லை. உனக்கு உடம்பு சரியில்லையோ என்று டிரைவரிடம் விசாரித்தேன், கேன்டீனில் பார்த்தாராம், நன்றாகத்தான் இருக்கிறாயாம்.

சிங்காரி விதை மூட்டைகளை லாரியில் ஏற்றத் தயாராக அடுக்கியிருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

கடைசிக் குழியில் என்ன இருந்தது?

அக்கா


செப்டம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த முறை நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

கடைசிக் குழியில் கோதுமை இருந்தது.

முதல் குழியைப் பார்க்கிறேன் என்று எழுதினேனே, அதற்கு மறுநாளே பார்த்துவிட்டேன். பார்த்த கையோடு இயக்குநரிடம் போனேன். கதவைச் சாத்தச் சொன்னார். யார் தட்டைத் திருப்பியது என்று அவர் கேட்கவில்லை, அது யாருக்கும் தெரியாது, யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியதுதான். எல்லாத் தட்டுகளையும் மறுபடி ஓட்டலாம், பத்து நாளில் முடிந்துவிடும் என்றேன். "சிங்காரி ஜெயிச்சிடுச்சுன்னு மேல சொல்லியாச்சு. இப்ப போய்ச் சோதனை தப்புன்னா சிரிப்பாங்க. நீங்க உங்க ஒப்பந்தத்தைப் பாருங்க" என்றார்.

நான் ஒப்பந்தத்தைப் பார்த்தேன் அக்கா. கூட்டத்தில் நீ பேசியபோது எனக்கு எல்லாம் தெரியும்.

டிரம்மில் மிச்சம் இருக்கிறதா?

தம்பி


செப்டம்பர் 21

டிரம்மில் மிச்சம் இருக்கிறதாவா? இதைக் கேட்க உனக்கு வெட்கமாக இல்லை?

இருக்கிறது. அடியில் ஒரு முறம் அளவுக்கு இருக்கிறது. உலகத்தில் முரடன் விதை என்று மிஞ்சியிருப்பது அவ்வளவுதான். உன் சோளம் வராமல் இருந்திருந்தால் அதுவும் இல்லை. அதனால் நன்றி சொல்வேன் என்று நினைத்துவிடாதே. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. கோழிக்கு ஆகாது, தொண்டைப் பை உப்பும், டிரம்மை மூடு, ஈரம் படாமல் வை! உட்கார்ந்து யோசித்து யோசித்து இதையெல்லாம் எழுதத் தெரிந்த உனக்கு, 'அக்கா, முரடன்தான் சரி' என்று ஒரு வரி எழுத வரவில்லையா? எத்தனை பொய் சொல்லி அந்த ஒரு உண்மையைச் சொல்லாமல் தப்பித்திருக்கிறாய்!

எனக்குப் பைத்தியம் என்று நானே நினைத்துக்கொண்டேன்டா. பாசத்தில் கண் மறைக்கிறதோ என்று வயலுக்குப் போய் நின்று என்னையே திட்டிக்கொண்டேன். ஏழு மாதம். அத்தனை நாளும் நீ அங்கே உட்கார்ந்து கோழித் தீவனத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

என்னை விடு. சிங்காரியை வாங்கி விதைக்கப் போகிறவன் மருந்து தெளிக்க மாட்டான். துருவே அண்டாது என்று நீங்கள் அச்சடித்துக் கொடுத்திருக்கிறீர்கள். துரு வந்தால் அவன் வயல் மொத்தமும் மஞ்சளாகிவிடும். அவனிடம் போய் இஸ்திரி என்ன சொல்வார், பாசம் என்பாரா?

ஜனவரியில் உன் இயந்திரத்துக்குக் கண்ணில்லை என்று எழுதினேன். நான் மன்னிப்புக் கேட்டதாக அதனிடம் சொல். அது கண்டதைக் கண்டபடி சொல்லியிருக்கிறது, வெறுங்குழியைக்கூட மறைக்கவில்லை. மறைத்ததெல்லாம் மனிதர்கள்தான்.

இந்த வண்டியில் ஒரு தட்டு வருகிறது. சந்தேகம் வந்த அன்றே தொட்டியில் இரண்டையும் விதைத்தேன், இலை தயாராக இருந்தது. முரடன், சிங்காரி, கடைசிக் குழி வெறுமை. பொட்டு வைக்கவில்லை, தட்டின் மூலையையே ரம்பத்தால் அறுத்துவிட்டேன். அதை எந்த ஸ்பிரிட்டும் துடைக்க முடியாது. செய்ய வேண்டியது என்ன என்று நான் சொல்ல மாட்டேன். நீ சின்னப் பிள்ளை இல்லை.


அக்டோபர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அப்பாவும் நலமா? இந்த முறை கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

தட்டை வாங்கியதும் நானே ஓட்டினேன். முடிவைப் பார்த்துவிட்டு, நம்பிக்கை போதாமல், ஆய்வகத்தில் எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்து அவர்கள் கண் முன்னால் மறுபடி ஓட்டினேன். முரடனில் மூன்று மரபணுவும் இருக்கின்றன. சிங்காரியில் ஒன்றுமில்லை. கடைசிக் குழி வெறுமையாகவே இருந்தது.

போன வாரம் ரகத் தேர்வுக் குழு கூடியது. இயக்குநர் பேசி முடித்ததும் எழுந்து, பழைய முடிவையும் புதிய முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தலைவரம்மாவிடம் கொடுத்தேன். பிப்ரவரியிலேயே எனக்குத் தெரியும் என்பதையும் சொல்லிவிட்டேன். இயக்குநர் முகம் சிவந்துபோய், "யாரைக் கேட்டு இதைச் செஞ்சீங்க?" என்றார்.

"எங்க அக்காவைக் கேட்டு" என்றேன்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தலைவரம்மா இரண்டு தாளையும் வரி விடாமல் படித்து முடித்தார். சிங்காரியை நிறுத்திவைத்து, இயக்குநரிடம் விளக்கம் கேட்டு உத்தரவு போட்டார்கள். ஆனால் முதல் லாரி அதற்குள் கிளம்பிவிட்டிருந்தது. உத்தரவு நகலை எடுத்துக்கொண்டு நானே அதன் பின்னால் போனேன், நாலு நாள் வீடு வீடாக ஏறி இறங்கினேன். பெரும்பாலும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் ஏற்கெனவே விதைத்துவிட்டார். அவருடைய வயலோரத்தில் நின்று விஷயத்தைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. "அப்ப முன்னாடியே தெரியுமா தம்பி?" என்று மட்டும் கேட்டார். நீ எழுதியதையெல்லாம் தாங்கிக்கொண்டேன் அக்கா, அதைத் தாங்க முடியவில்லை.

தெரிந்தும் மறைத்ததற்காக என் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டார்கள். அது நியாயம்தான். அறையைக் காலி செய்கிறேன். அங்கே வரலாமா?

தம்பி


நவம்பர் 5

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். அப்பாவின் முழங்கால் உண்மையிலேயே தேவலை. நீ வருகிறாய் என்றதும் பட்டையைக் கையிலிருந்து கழற்றிக் காலில் மாட்டிக்கொண்டுவிட்டார்.

முரடனுக்குப் பாத்தி கிடைத்தது. ஒரு முறம் விதையை விரலால் ஒவ்வொன்றாக ஊன்றினேன், ஒன்றையும் வீணாக்கவில்லை. முளைத்துவிட்டான். இதைப் பெருக்கி விவசாயி கையில் கொடுக்க இன்னும் மூன்று வருஷம் ஆகும். தலைவரம்மா பாராட்டிக் கடிதம் எழுதியிருக்கிறார், நான் பதில் போடவில்லை. பாராட்டு யாருக்கு வேண்டும்? போன அறுவடை முழுக்க விதையாக நின்றிருந்தால் ஒரு வருஷம் முன்னாலேயே கொடுத்திருக்கலாம். அந்த வருஷத்தை யார் திருப்பித் தருவார்கள்?

ஏற்கெனவே விதைத்துவிட்டார் என்றாயே, அவருடைய விலாசத்தை எடுத்து வா. துரு வருகிற மாதத்தில் வாராவாரம் நீ போய் அந்த வயலைப் பார்க்கிறாய். முதல் மஞ்சள் புள்ளி தெரிந்த அன்றே மருந்து தெளிக்க வேண்டும், உன் கையால். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வரலாமா என்று கேட்டிருக்கிறாய். இது உன் வீடு, வருவதற்கு யாரையும் கேட்க வேண்டாம். கோபம் தீர்ந்துவிட்டது என்று மட்டும் நினைத்துக்கொண்டு வராதே. வாசலில் வைத்து ஒரு மூச்சுத் திட்டுவேன், அப்புறம் சாப்பாடு போடுவேன். மாடி அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன்.

பஸ் ஏறும் முன் ஒரு மூட்டை சோளம் வாங்கிக்கொள். நீ அனுப்பியது தீர்ந்துவிட்டது, கோழிகள் டிரம்மைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. இனி அவற்றுக்குக் கோதுமை கிடையாது என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார்.

உன்னைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா